நடக்க இயலாத உம்மாவை உம்ராவுக்கு அழைத்துச் செல்வது பற்றி

வெலிமடைப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். உம்மாவுக்கு 67 வயது. சில வருடங்களுக்கு முன் பாரிசவாதம் வந்ததில் வலது கையும் வலது காலும் பலவீனமாகிவிட்டன. வீட்டுக்குள் தடியூன்றிப் பத்தடி நடப்பார், அதற்குமேல் முடியாது. சீனி வருத்தமும் பிரஷரும் உண்டு. நானா (அண்ணன்) உம்ராவுக்கு, அதாவது மக்காவுக்குச் செல்லும் சிறு யாத்திரைக்கு, அழைத்துப்போகத் தயாராக இருக்கிறார். ஊரில் சிலரோ, "இந்த நிலையில் எதற்கு அலைச்சல், யாரையாவது பதலாக (பதிலாளாக) அனுப்பிவிடுங்கள்" என்கிறார்களாம். வீல் செயாரில் இருந்து செய்கிற உம்ரா முழுமையாகுமா, தள்ளுகிற நானாவுக்கும் அதே நேரத்தில் தவாப் (கஃபாவை ஏழுமுறை சுற்றுவது) நிறைவேறுமா, பிறகு ஹஜ்ஜுக்கும் இப்படிப் போகலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

உம்மா போகலாம். அவர் செய்யப்போவது முழுமையான உம்ராதான், அரைகுறையானது அல்ல. ரஸூலுல்லாஹ் (நபிகள் நாயகம்) ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களே ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு ஹஜ்ஜத்துல் விதா என்ற விடைபெறும் ஹஜ்ஜின்போது ஒட்டகத்தில் அமர்ந்து தவாப் செய்து, கையிலிருந்த வளைந்த கைத்தடியால் கஃபாவின் மூலையிலுள்ள கறுப்புக் கல்லான ஹஜருல் அஸ்வதைத் தொட்டார்கள். அவர்களுடைய மனைவி உம்மு ஸலமா ரழியல்லாஹு அன்ஹா தமக்கு உடல்நலமில்லை என்று சொன்னபோது, "மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் இருந்தபடி தவாப் செய்யுங்கள்" என்று அவர்களுக்குச் சொன்னார்கள். இரண்டும் புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் வரும் ஹதீஸ்கள். நம் ஊர்களில் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்டப் பிரிவில்) நடந்து தவாப் செய்வது ஸுன்னத்து, அதாவது விரும்பத்தக்கது. வாகனத்தில் செய்தாலும் தவாப் நிறைவேறும், தம் (பரிகாரப் பலி) கொடுக்க வேண்டியதில்லை. நடக்க முடிந்தவர் நடப்பது வாஜிப் (கட்டாயம்) என்று சொல்லும் ஹனபி மத்ஹபிலும் தகுந்த காரணம் உள்ளவர்மீது குற்றமில்லை. ஆகவே உம்மா தயங்கவே வேண்டாம்.

பதல் விஷயத்தில் ஊரார் சொல்வது உங்கள் உம்மாவுக்குப் பொருந்தாது. கஸ்அம் கோத்திரத்துப் பெண் ஒருவர், தம் தந்தை வாகனத்தில் உறுதியாக அமரக்கூட முடியாத முதியவர், அவருக்காக நான் ஹஜ் செய்யலாமா என்று ரஸூலுல்லாஹ்விடம் கேட்டார். செய்யலாம் என்று அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி வாகனத்தில் அமரவே இயலாதவருக்கு, குணமாகும் நம்பிக்கையும் இல்லாதவருக்கு. உங்கள் உம்மா நாற்காலியில் உட்காருகிறார், பேசுகிறார், துஆ ஓதுகிறார், விமானத்தில் இருந்து வர அவரால் முடியும். தாமே போக முடிந்தவருக்குக் கடமையான உம்ராவை இன்னொருவர் செய்ய முடியாது. ஷாபிஈ மத்ஹபில் உம்ராவும் ஆயுளில் ஒருமுறை கடமை என்பதால் இதில் கவனம் வேண்டும். நாளைக்கு அல்லாஹ்வின் நாட்டப்படி அவர் படுக்கையிலேயே இருக்கும் நிலை வந்தால், அப்போது பதல் பற்றிப் பேசலாம். அப்படிப் போகிறவர் முதலில் தம்முடைய ஹஜ், உம்ராவை முடித்தவராக இருக்க வேண்டும்.

இதையும் சொல்ல வேண்டும். ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 97ஆவது வசனம் ஹஜ்ஜை "அங்கே செல்லச் சக்தி பெற்றவர்" மீதுதான் கடமையாக்குகிறது. துணைக்கு ஆள் இல்லாமல் போக முடியாதவருக்கு அந்தத் துணையின் செலவும் சக்தியில் சேர்ந்ததே. அது கையில் இல்லையென்றால் கடமையும் இல்லை. கடன்பட்டுப் போக வேண்டும் என்று உம்மாவையோ நானாவையோ யாரும் நெருக்கக் கூடாது.

சரி, இனி நடைமுறைக்கு வருவோம். மலைநாட்டுக் குடும்பங்களுடன் உம்ராப் பயணங்களில் போய்வருகிறவன் என்ற முறையில் நான் கண்டது இது. நம்முடைய முதியவர்களுக்கு மக்காவைவிட வீட்டு வாசல்தான் கடினம். பாதை மேலே இருக்கும், வீடு கீழே இருக்கும், நடுவில் கைப்பிடி இல்லாத படிக்கட்டு. மழை பெய்தால் பாசி வழுக்கும். இதனால் வருடக்கணக்காக வீட்டைவிட்டு இறங்காத உம்மாமார்கள் வெலிமடையிலும் தெல்தோட்டையிலும் அக்குறணையிலும் இருக்கிறார்கள். "வாசலுக்கே வர முடியாத நான் கஃபாவுக்கு எப்படிப் போவேன்?" என்று அவர்கள் கேட்பது இயல்பு. ஆனால் ஹரத்தின் (கஃபாவைச் சூழ்ந்த பள்ளிவாசலின்) தரை சமதளமான பளிங்குக்கல். லிஃப்ட் இருக்கிறது, சரிவுப் பாதை இருக்கிறது, வீல் செயாருக்கென்று தனித்தடம் இருக்கிறது. தவாபும், ஸபா, மர்வா குன்றுகளுக்கு இடையே ஏழு தடவை செல்லும் ஸஃயியும் இந்தப் பயணத்தின் மிக எளிய பகுதிகளாகவே இருக்கக்கூடும். சிரமம் வருவது வேறு இடங்களில். பஸ்ஸின் உயரமான படி, ஹோட்டல் பாத்ரூமின் ஒடுக்கமான கதவு, கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இறங்கும் வளைவுப் பாதை, நள்ளிரவில் மலசலகூடத்துக்குப் போக வேண்டிய அவசரம் என்று இவற்றைச் சுற்றித்தான் திட்டம் போட வேண்டும். பலர் தவாபை எப்படிச் செய்வது என்று மாதக்கணக்கில் யோசித்துவிட்டு இவற்றை யோசிக்காமல் புறப்பட்டுவிடுகிறார்கள்.

தங்கை, இதில் நான் மிக வலியுறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று. நானா மட்டும் போனால் போதாது. மஹ்ரம் (பெண்ணுக்குத் துணையாகச் செல்லத்தக்க நெருங்கிய ஆண் உறவினர்) என்ற அளவில் அவர் போதும், தள்ளுவதற்கும் போதும். ஆனால் ஹரத்தில் பெண்களின் வுளூ (தொழுகைக்குமுன் முகம், கை, கால் கழுவுதல்) செய்யும் இடத்துக்கும் மலசலகூடத்துக்கும் அவரால் உள்ளே போக முடியாது. மதீனாவில் மஸ்ஜிதுன் நபவியில் பெண்களின் பகுதி தனியாகவே இருக்கிறது. வலது கை வேலை செய்யாத ஒருவரை அங்கே தனியே விடுவதா? உடுப்பை மாற்றிவிடுவது, சுத்தம் செய்துவிடுவது எல்லாவற்றையும் மகனிடம் கேட்க உம்மாவுக்கு வெட்கமாக இருக்கும். வெட்கப்பட்டு என்ன செய்வார்? தண்ணீர் குடிப்பதைக் குறைப்பார். அந்த வெயிலில் அது ஆபத்து. அதனால் நீங்களோ நானாவின் மனைவியோ கட்டாயம் கூடப் போக வேண்டும். இரண்டு பேரின் காசைத்தான் திரட்ட முடிகிறது என்றால் பயணத்தைக் கொஞ்சம் பிற்போட்டு மூன்றாவது ஆளுக்கும் சேர்த்துவிட்டுப் போங்கள். குழுவில் வரும் வேறு பெண்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பிப் போக வேண்டாம். அவர்களுக்கும் அவர்களுடைய அமல்கள் இருக்கின்றன.

அடுத்தது டொக்டர். கிளினிக்கில் வழமையாகப் பார்க்கும் வைத்தியரிடம், விமானத்தில் பல மணி நேரம் உட்கார வேண்டும் என்று விளக்கிச் சொல்லுங்கள். பாரிசவாதம் வந்தவர்களுக்கு நீண்ட நேரம் அசையாமல் இருந்தால் காலில் இரத்தம் கட்டும் அபாயம் அதிகம். இறுக்கமான காலுறை வேண்டுமா, இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் குளிசையில் மாற்றம் வேண்டுமா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். குளிசைகளின் பெயரும் அளவும் எழுதிய கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் வாங்கி, குளிசைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கைக் கைப்பையில் வையுங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் அதைப் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது. மூளைக்காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம், மக்காவை அடைவதற்கு 10 நாட்களுக்கு முன்னராவது போட்டிருக்க வேண்டும். பிசியோதெரபி விட்டுப்போயிருந்தால் மறுபடி தொடங்குங்கள். கண்டிப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் திகனையில் புனர்வாழ்வு வைத்தியசாலை இருக்கிறது, உங்களுக்குப் பக்கத்து ஆதார வைத்தியசாலையில் விசாரிக்கலாம். நடக்கப் பழக்குவது முக்கியமல்ல. கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கொமட்டுக்கும் ஒருவர் உதவியோடு மாறப் பழக்குவதே முக்கியம். அந்த ஒரு அசைவு சரியாக வந்துவிட்டால் பயணத்தின் பாதிப் பாரம் இறங்கிவிடும்.

வீல் செயாரை இங்கிருந்தே கொண்டுபோவது என் தெரிவு. ஹரத்தில் இலவசமாகவும் நாற்காலிகள் கிடைக்கின்றன என்றாலும், அவை உம்மாவின் உடலுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது, ஹோட்டலுக்கு எடுத்துப்போகவும் விடமாட்டார்கள். மடிக்கக்கூடியதாக, பாரம் குறைந்ததாக, காற்றடிக்கத் தேவையில்லாத டயர் உள்ளதாக, பிரேக் நன்றாகப் பிடிப்பதாக வாங்குங்கள். இருக்கைக்கு நல்ல மெத்தை போடுங்கள். பலவீனமான கால் மிதிபலகையிலிருந்து நழுவி, யாரும் கவனிக்காமல் தரையில் இழுபடும். உணர்ச்சி குறைந்த காலென்றால் அவருக்கே தெரியாது. கெண்டைக்காலுக்குப் பின்னால் ஒரு பட்டி கட்டிவிட்டால் நிற்கும். ஹபாயாவின் ஓரம் சக்கரத்தில் சிக்குவது அடிக்கடி நடக்கிறது, அதையும் மடித்துச் செருகிவிடுங்கள்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே நானா பழகட்டும். ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே சுமார் 400 மீட்டர். ஏழு தடவையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 2.8 கிலோமீட்டர். கண்டி வாவியை ஒருமுறை சுற்றினால் அதற்குச் சற்று அதிகம். உங்களுக்கு நுவரெலியாவின் கிரெகரி வாவிக் கரை கிட்டமாக இருக்கும். ஒரு காலையில் உம்மாவை அங்கே வைத்துத் தள்ளிப் பாருங்கள். எவ்வளவு நேரத்தில் உம்மாவுக்கு இடுப்பு வலிக்கிறது, எப்போது மலசலகூடம் தேவைப்படுகிறது, நானாவின் கை எங்கே சோர்கிறது எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். வருடக்கணக்காக வெளியே இறங்காத உம்மாவுக்கு ஜனங்களுக்கு நடுவில் நாற்காலியில் இருந்து பழகவும் அது உதவும். கூச்சம் பலருக்கு வலியைவிடப் பெரிய தடையாக இருக்கிறது. அதை இங்கேயே கழித்துவிட்டுப் போனால் கஃபாவின் முன்னால் மனம் துஆவில் நிற்கும்.

விமான டிக்கெட் போடும்போதே வீல் செயார் உதவி கேட்டுப் பதியச் சொல்லுங்கள். அதில் வகைகள் உண்டு. தூரம் நடக்க முடியாதவர் ஒரு வகை, படி ஏற முடியாதவர் இன்னொரு வகை, இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டியவர் மூன்றாவது வகை. உம்மா மூன்றாவது வகை, அதை டபிள்யூ.சி.எச்.சி. என்று குறிப்பார்கள். வெறும் "வீல் செயார்" என்று மட்டும் எழுதிவிட்டால் விமான வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். மின்சார நாற்காலி என்றால் பற்றரியின் வகையை முன்கூட்டியே அறிவித்து அனுமதி வாங்க வேண்டும். அப்புறம், வெலிமடையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஒரே மூச்சில் இறங்கி அப்படியே விமானம் ஏற வேண்டாம். வளைவுகளில் வாந்தி எடுத்துக் களைத்துப்போய் விமானம் ஏறியவர்கள் உம்ராவின் தொடக்க நிலையான இஹ்ராமைக் கட்டும்போதே சோர்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே இறங்கி, கொழும்பிலோ நீர்கொழும்பிலோ ஒரு இரவு தங்குங்கள்.

முடிந்தால் மதீனாவுக்கு முதலில் போகும் பயணத்தைத் தெரிவு செய்யுங்கள். நேரே ஜித்தாவுக்குப் போனால் ஆகாயத்திலேயே மீக்காத்து (இஹ்ராம் இல்லாமல் தாண்டக்கூடாத) எல்லை வந்துவிடும். நம் திசையிலிருந்து போகிறவர்களுக்கு யலம்லம், வளைகுடா வழியாகப் போனால் கர்னுல் மனாஸில். தூக்கமில்லாமல் இறங்கி, அதே இஹ்ராமோடு ஹோட்டல், உடனே தவாப் என்றால் உம்மாவின் உடல் தாங்காது. மதீனாவில் சில நாள் இளைப்பாறிவிட்டு, குளித்து, அங்கிருந்தே இஹ்ராம் அணிந்து புறப்படலாம். மதீனாவாசிகளின் எல்லை துல்ஹுலைபா. அதைத் தாண்டுவதற்குமுன் மதீனாவிலேயே நிய்யத் (மனத்தில் உறுதி) வைத்தாலும் கூடும். 2018இல் தொடங்கிய ஹரமைன் ரயில் மதீனாவிலிருந்து ஜித்தா வழியாக மக்காவுக்கு ஓடுகிறது. மணிக்கு 300 கிலோமீட்டர் வரை போகும். வீல் செயாரோடு நேரே ஏறலாம், மலசலகூடமும் உண்டு. குழுவின் பஸ்ஸை விட்டுவிட்டு அந்த டிக்கெட்டுக்குக் காசு செலவழிப்பது உங்கள் உம்மாவைப் போன்றவர்களுக்கு மிகவும் பெறுமதியானது.

நிய்யத் வைக்கும்போது உம்மா ஒரு நிபந்தனையும் சேர்த்துக்கொள்ளட்டும். ளுபாஆ பின்த் ஸுபைர் ரழியல்லாஹு அன்ஹா நோயாளியாக இருந்தபோது ரஸூலுல்லாஹ் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது அது: "அல்லாஹும்ம மஹில்லீ ஹைஸு ஹபஸ்தனீ". யா அல்லாஹ், நீ என்னை எங்கே தடுத்துவிடுகிறாயோ அங்கேயே நான் இஹ்ராமிலிருந்து விடுபடுவேன் என்று பொருள். இப்படி நிபந்தனை வைத்தவர் இடையில் நோய் கடுமையாகி வைத்தியசாலையில் சேர நேர்ந்தால், தம் கொடுக்காமலே இஹ்ராமிலிருந்து விடுபடலாம். உடல் பலவீனமான எல்லோரும் இதைப் பாடமாக்கிக்கொள்ள வேண்டும்.

பெண்களுக்கு இஹ்ராமில் வழமையான உடுப்புத்தான். கையுறையும் முகத்தை மூடும் நிகாபும் மட்டும் கூடாது. காலுறை, மூடிய செருப்பு, பேட், இடுப்புப் பட்டி எதற்கும் தடையில்லை. சீனி வருத்தம் உள்ளவர் வெறுங்காலோடு இருக்கவே வேண்டாம், ஒவ்வொரு இரவும் பாதத்தை நீங்கள் பார்த்துப் புண் இருக்கிறதா என்று கவனியுங்கள். ஆண்களின் நிலை வேறு. முழங்கால் உறை, தைத்த சப்பாத்து, பெரியவர்களின் டயப்பர் போன்றவை மருத்துவத் தேவைக்காக ஆகும், ஆனால் ஷாபிஈ மத்ஹபில் உடலைச் சூழத் தைத்ததை அணிந்தால் பித்யா (பரிகாரம்) வரும். பகரா அத்தியாயத்தின் 196ஆவது வசனம் சொல்லும் பித்யா அது: மூன்று நாள் நோன்பு, அல்லது ஆறு ஏழைகளுக்கு உணவு, அல்லது ஒரு ஆடு. இந்த மூன்றில் எதையும் தெரிவு செய்யலாம். எந்தப் பொருள் இதில் அடங்கும் என்பதை உங்கள் மௌலவியிடம் அந்தப் பொருளையே காட்டிக் கேட்பது நல்லது.

தைலம் விஷயத்தில் நம்மவர்கள் கவனிப்பதில்லை. முழங்காலுக்கும் நெற்றிக்கும் தைலம் பூசாத மலைநாட்டு உம்மா யார்? இஹ்ராமில் வாசனைப் பொருள் தடை. தைலங்களில் சேரும் கற்பூரம் பிக்ஹு (மார்க்கச் சட்ட) நூல்களில் வாசனைப் பொருளாகவே எண்ணப்படுகிறது. வாசனையில்லாத வலிநிவாரணிக் களிம்பு ஒன்றை டொக்டரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்துண்டு, சவர்க்காரம் எல்லாம் வாசனையில்லாததாக இருக்கட்டும்.

தவாபுக்கு வுளூ கட்டாயம். வலது கை இயங்காவிட்டால் நீங்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம், நிய்யத்தை அவர் வைத்தால் போதும். ஹோட்டல் அறையிலேயே வுளூ செய்துவிட்டுப் புறப்படுங்கள். ஒரு சிறு போத்தலில் தண்ணீரும் கையில் இருக்கட்டும், வுளூ முறிந்தால் ஓரமாக நிறுத்தி அங்கேயே செய்துவிடலாம். சிறுநீர் கட்டுப்படாமல் எப்போதும் கசிகிறவருக்குத் தனிச் சட்டம் உண்டு. சுத்தம் செய்து, பேட் வைத்து, தவாபுக்குச் சற்றுமுன் வுளூ செய்துகொண்டு தாமதிக்காமல் தொடங்கினால் கசிவு தவாபைக் கெடுக்காது. கூட்டத்தில் அந்நிய ஆண் கை படும் விஷயம் ஷாபிஈ மத்ஹபில் சிக்கலானது. நாற்காலியில் இருப்பவருக்கு அந்த வாய்ப்புக் குறைவு, ஹபாயாவின் நீண்ட கைக்குள் விரல்களை இழுத்து வைத்துக்கொள்ளலாம். தள்ளுகிறவர் பிடிப்பது நாற்காலியின் கைப்பிடியைத்தான், அதில் ஒன்றுமில்லை.

கஃபாவை ஒட்டிய கீழ்த்தளத்தில் பொதுவாக வீல் செயார்களை விடுவதில்லை, மேல்மாடிகளில் அவற்றுக்கான தடம் இருக்கிறது. அஜ்யாத், ஷுபைக்கா பாலங்கள் வழியாக மேல்தளத்துக்குப் போகலாம். மேலே சுற்றளவு கூடும், நேரமும் கூடும். ஆனால் பள்ளிவாசலுக்குள் எந்த மாடியில் செய்தாலும் தவாப் நிறைவேறும். ஹஜருல் அஸ்வதுக்கு நேரே பச்சை விளக்கு இருக்கிறது, அதைக் கடக்கும் முன் நிய்யத்தோடு தொடங்குங்கள். கஃபா உம்மாவின் இடது பக்கத்தில் இருந்தபடியே நாற்காலி நகர வேண்டும். கஃபாவைப் பார்க்கட்டும் என்று பாசத்தோடு நாற்காலியைத் திருப்பிக்கொண்டே தள்ளுகிறார்கள். அப்படி நகர்ந்த தூரம் கணக்கில் வராது. நிறுத்திப் பார்க்க வையுங்கள், அழட்டும், துஆ கேட்கட்டும். பிறகு நேராக்கித் தள்ளுங்கள். வலது கை தூக்க முடியாவிட்டால் இடது கையால் ஹஜருல் அஸ்வதை நோக்கிச் சைகை செய்தால் போதும்.

நானாவுக்கும் தவாப் கூடுமா என்ற கேள்விக்கு ஷாபிஈ பிக்ஹு நூல்களில் தெளிவான பதில் இருக்கிறது. ஒருவரைத் தோளில் சுமந்து சுற்றினால் நிய்யத்தைப் பொறுத்துத் தவாப் ஒருவருக்கு மட்டும் சேரும் என்று ஒரு நுணுக்கம் அங்கே உண்டு. ஆனால் மரப்பலகையிலோ ஓடத்திலோ ஒருவரை வைத்து இழுத்துச் சென்றால் இருவரும் தனித்தனி, இருவரின் தவாபும் நிறைவேறும் என்றும் எழுதியிருக்கிறார்கள். வீல் செயார் இந்த இரண்டாம் வகை. ஆகவே நானா தமக்கும் உம்மா தமக்கும் நிய்யத் வைத்துக்கொண்டால், ஒரே சுற்றில் இருவருடைய தவாபும் முடியும்.

கூலிக்குத் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள், மின் வண்டிகளும் ஓடுகின்றன. தள்ளுகிறவரை அமர்த்துவதானால் ஹரத்தின் அங்கீகாரச் சீருடை அணிந்தவராகப் பார்த்து, தவாபுக்கும் ஸஃயிக்கும் சேர்த்துத் தொகையை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சிலர் அடுத்த ஆளைப் பிடிக்கும் அவசரத்தில் ஓடுவார்கள், மெதுவாகப் போகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மின் வண்டி நானாவின் கைகளுக்கு ஓய்வு தரும். முதல் தவாபை நானா தள்ளட்டும், ஸஃயிக்கு வண்டி எடுங்கள் என்பது என் யோசனை.

பலருக்குத் தெரியாத ஒரு பெரிய சலுகை இருக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் ஏழு சுற்றையும் இடைவிடாமல் செய்வது ஸுன்னத்துத்தான். மூன்று சுற்று முடித்து, ஓரமாக நிறுத்தி, ஸம்ஸம் குடித்து, குளிசை போட்டு, நான்காவதிலிருந்து தொடரலாம். வுளூ முறிந்தாலும் மறுபடி வுளூ செய்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தவாபுக்கும் ஸஃயிக்கும் இடையிலும் இதே நிலைதான். இரவு தவாபை முடித்து அறைக்குப் போய்த் தூங்கிவிட்டு, அடுத்த நாள் காலை ஸஃயி செய்யலாம். அதுவரை இஹ்ராமின் தடைகளை மட்டும் பேண வேண்டும். குழுவில் எல்லோரும் ஒரே மூச்சில் முடிக்கிறார்கள் என்பதற்காக உம்மாவை இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஸஃயிக்கு வுளூ கட்டாயமில்லை. பச்சை விளக்குகளுக்கு இடையே ஓடுவது ஆண்களுக்கான ஸுன்னத்து, உம்மாவுக்கு அது இல்லை. ஸஃயி முடிந்ததும் குறைந்தது மூன்று முடி வெட்டினால் உம்ரா நிறைவுறும்.

அதற்குப்பின் குழுவினர் தன்ஈமில் உள்ள ஆயிஷாப் பள்ளிக்குப் போய் இரண்டாவது, மூன்றாவது உம்ரா செய்வார்கள். ஜபலுந் நூர் மலையடிவாரத்துக்குப் பஸ் போகும். உம்மா இவற்றில் சேராவிட்டால் அவருடைய உம்ராவில் எந்தக் குறையும் வராது. அந்த நேரத்தில் ஹரத்தில் ஒரு வக்துத் தொழுகை நிம்மதியாகக் கிடைத்தால் அதுவே மேல். மதீனாவில் குபாப் பள்ளிக்கு மட்டும் டாக்சியில் கூட்டிப்போங்கள், அங்கே இரண்டு ரக்அத் தொழுவதற்கு ஒரு உம்ராவின் நன்மை சொல்லப்பட்டிருக்கிறது. மஸ்ஜிதுன் நபவியிலுள்ள ரவ்ளாவுக்கு நுஸுக் செயலியில் முன்பதிவு வேண்டும். பெண்களுக்கான நேரம் தனி, அதற்கும் நீங்கள்தான் உள்ளே கூட்டிப்போக வேண்டும்.

ஹஜ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சட்டப்படி ஹஜ்ஜும் முடியும். அரபா மைதானத்தில் துல்ஹஜ் 9ஆம் நாள் உச்சி சாய்ந்ததிலிருந்து 10ஆம் நாள் பஜ்ர் வரைக்குள் ஒரு கணம் அங்கே இருந்தாலே தங்குதல் நிறைவேறும், கூடாரத்தில் படுத்திருந்தாலும் வாகனத்தில் இருந்தாலும் சரி. முஸ்தலிபாவிலிருந்து இரவிலேயே புறப்பட ரஸூலுல்லாஹ்வின் மனைவி ஸவ்தா ரழியல்லாஹு அன்ஹாவுக்கு அனுமதி கிடைத்தது, அவர்கள் வேகமாக நடக்க இயலாதவர்களாக இருந்தார்கள். கல்லெறிய முடியாதவர் வேறொருவரைப் பொறுப்பாக்கலாம், அவர் தமக்கு எறிந்து முடித்தபின் உம்மாவுக்காக எறிய வேண்டும். அரபாவுக்குப் பின் செய்யும் கடமையான தவாபாகிய தவாபுல் இபாளாவுக்கு மட்டும் பதிலாள் இல்லை. ஆனால் ஷாபிஈ மத்ஹபில் அதற்குக் கடைசி நேரமும் இல்லை, கூட்டம் குறைந்தபின் செய்யலாம்.

உடல் ரீதியாக ஹஜ் வேறு உலகம். 2024 ஹஜ்ஜின்போது ஹரத்தில் 51.8 பாகை செல்சியஸ் பதிவானது. அந்த ஹஜ்ஜில் 1,300க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெலிமடைக் குளிரில் வாழும் உடலுக்கு அது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மினாவில் கூட்டத்துக்கு மலசலகூடம் போதாது, வரிசையில் நிற்க வேண்டும். சஊதி அரசாங்கம் ஹாஜிகளுக்கான சுகாதார நிபந்தனைகளையும் அறிவிக்கிறது, முதலில் அதைப் பார்க்க வேண்டும். இலங்கைக்கு அண்மைய ஆண்டுகளில் 3,500 பேருக்கே இடம் கிடைத்துவந்தது. முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தில் பெயரைப் பதிந்து வையுங்கள். உம்ராவுக்குப் போய்வந்த பிறகு உம்மாவின் உடல் எப்படித் தாங்கியது என்று பார்த்து, டொக்டரோடும் மௌலவியோடும் பேசி ஹஜ்ஜை முடிவெடுங்கள். ஹஜ் காலம் ஆண்டுக்கு 10, 11 நாட்கள் முன்னே நகர்ந்து குளிர்காலத்தை நோக்கிப் போவது இதில் ஒரு நல்ல விஷயம்.

உம்ராவுக்கு டிசம்பர், ஜனவரி, பெப்ரவரி மாதங்கள் மிதமானவை. அந்த மாதங்களில் ரமழான் வந்தால் அதற்கு முன்போ பின்போ போங்கள். ரமழானின் கடைசிப் பத்து நாட்களில் வீல் செயாரை ஹரத்தின் வாசல் வரை கொண்டுபோவதே பெரும்பாடு. டிக்கெட் போடுமுன் முகவரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். ஹோட்டல் வாசலில் படி உண்டா? அறையின் பாத்ரூம் கதவு எத்தனை அங்குலம்? ஹோட்டலிலிருந்து ஹரம் வரை பாதை ஏற்றமா, சமமா? மக்காவும் மலைகளுக்கு நடுவிலுள்ள ஊர்தான். "ஹரத்துக்கு 500 மீட்டர்" என்று விளம்பரத்தில் இருக்கும், அந்த 500 மீட்டரும் ஏற்றமாக இருந்தால் நானாவின் முதுகு போய்விடும். உங்கள் நாற்காலியின் அகலத்தை அளந்து அதையும் முகவருக்கு அனுப்புங்கள். அளவு சொல்லத் தயங்குகிற முகவரை விட்டுவிட்டு வேறொருவரைப் பாருங்கள்.